ஜார்ஜியாவில் நான்கு நாள்: தனி வண்டியில் போகும் குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டி

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நீளும் இராமநாதபுரம் கடற்கரையில், வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் ஒருவராவது இல்லாத தெரு அரிது. துபாயிலோ ஷார்ஜாவிலோ இருக்கும் மகன், ஊரிலிருந்து வாப்பாவையும் உம்மாவையும் வரவழைத்துக் குளிர்ந்த நாடு ஒன்றைக் காட்ட நினைக்கும்போது, இப்போதெல்லாம் முதலில் பேச்சில் அடிபடுவது ஜார்ஜியாதான். துபாயிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். இரு ஊருக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பயண முகவர்கள் விற்கும் பேருந்துச் சுற்றுலாவில் ஒரே நாளில் ஏழெட்டு இடங்களைத் தொட்டுவிட்டு ஓடும் வழக்கம் இருப்பதால், முழங்கால் வலியுள்ள பெரியவர்களும் வேளைக்குத் தொழ விரும்புபவர்களும் சைவ உணவு மட்டுமே உண்பவர்களும் அதில் படும் பாடு சொல்லி மாளாது. நான்கு நாள் பயணத்தில் ஊருக்கு வெளியே போகும் நாட்களுக்குத் தனி வண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டு, போகும் இடங்களைப் பாதியாகக் குறைத்து, அந்த நான்கில் இரண்டு நாளை ஒயின் விளையும் ககேத்தி மாநிலத்துக்கு ஒதுக்குவதே சரியான திட்டம் என்பது என் கருத்து. குடும்பத்தில் யாருமே மது தொடாதவர்களாக இருந்தாலும் இக்கருத்து மாறாது; அதன் காரணத்தைப் பின்னர் விளக்குகிறேன்.

பருவமும் தாள்களும்

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் போவது நல்லது. தலைநகர் திபிலீசி ஜூலை, ஆகஸ்டில் நம் ஊரைப் போலவே கொதிக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரையான குளிர் கடற்கரை உடம்புக்குத் தாங்காது. திராட்சை அறுவடை செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரை நடக்கிறது. எனினும் விசைப்படகு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலமும் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வரும் மே மாதமே வசதிப்படும். அதனால் இழப்பு பெரிதில்லை: முந்திய அறுவடையில் மூடிய ஒயின் கலங்களை வசந்த காலத்தில்தான் திறப்பார்கள்.

ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, கத்தார் போன்ற வளைகுடா நாடுகளின் செல்லுபடியாகும் குடியிருப்பு அனுமதி வைத்திருக்கும் இந்தியர்கள் விசா இல்லாமல் ஜார்ஜியாவுக்குள் போக முடிகிறது. ஊரிலிருந்து நேராக வரும் பெற்றோருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்கள் இணையவழி விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மகனிடம் அனுமதி இருக்கிறது என்பதற்காகத் தாய் தந்தையையும் அதே வரிசையில் விட்டுவிடுவார்கள் என்று எண்ணிப் பயணச்சீட்டு எடுத்துவிடக் கூடாது. இவ்விதிகள் அடிக்கடி திருத்தப்படுபவை என்பதால், பணம் கட்டுவதற்கு முன் ஜார்ஜிய வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். 2026 ஜனவரி 1 முதல் சுற்றுலாப் பயணிகள் அனைவருக்கும் மருத்துவ, விபத்துக் காப்பீடு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. திரும்பி வரும் பயணச்சீட்டு, விடுதி முன்பதிவு, காப்பீட்டுப் பத்திரம், கையிருப்புப் பணத்துக்கான சான்று ஆகியவற்றைத் தாளில் அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியே கொடுத்துவிடுவது நல்லது. குடியேற்ற அதிகாரி கேள்வி கேட்கும்போது, எல்லாருடைய தாளும் மகனின் கைப்பேசிக்குள் இருப்பது பயன்படாது.

வண்டி பேசுவது

வண்டி பேசும்போது ஓட்டுநர் வேறு, வழிகாட்டி வேறு என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். வயதில் மூத்த ஓட்டுநர்கள் பலருக்கு ரஷ்ய மொழி தெரிந்த அளவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆங்கிலம் பேசி இடங்களின் கதையையும் சொல்லக்கூடிய ஓட்டுநர்-வழிகாட்டியை அமர்த்தினால் கட்டணம் சற்றுக் கூடும். ஆனால் வழி முழுதும் ஊமைப் படம் பார்ப்பதைத் தவிர்க்கலாம். எரிபொருள், ஓட்டுநரின் சாப்பாடும் இரவுத் தங்கலும், ஒயின் சுவைக்கும் கட்டணம், அருங்காட்சியக நுழைவுக் கட்டணம் ஆகியவற்றில் எவை பேசிய தொகைக்குள் அடங்கும், எவை அடங்காது என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கிவிடுங்கள். ஆறு பேருக்கு மேல் போனால், பெட்டிகளையும் கணக்கில் கொண்டு வேன் கேளுங்கள். இன்னொன்றையும் தொடக்கத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்: ஓட்டுநர் தனக்குத் தரகு கிடைக்கும் பெரிய ஒயின் ஆலைக்கோ தேன் கடைக்கோ கூட்டிப்போகாமல், நீங்கள் தேர்ந்த இடத்துக்கே கூட்டிப்போக வேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. இராமேசுவரத்தில் வந்து இறங்கும் வடநாட்டுப் பயணி எதை எதிர்பார்ப்பாரோ அதைத்தான் நீங்களும் எதிர்பார்க்கிறீர்கள்.

ஜார்ஜியாவின் நாணயத்துக்கு லாரி என்று பெயர். விமான நிலையத்தில் சிறு தொகையை மட்டும் மாற்றிக்கொண்டு, மீதியை நகருக்குள் மாற்றினால் நல்ல விலை கிடைக்கும். நகருக்குள் சுற்ற, கைப்பேசியில் வாடகைக் கார் அழைக்கும் போல்ட் செயலி போதும் என்பதால், திபிலீசியில் இருக்கும் முதல் நாளுக்குத் தனி வண்டிக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

முதல் இரண்டு நாள்: திபிலீசியும் மிட்ஸ்கேத்தாவும்

பழைய நகரான அபனோதுபானிப் பகுதியிலேயே நடை எட்டும் தொலைவில் தங்குங்கள். ஐந்தாம் நூற்றாண்டில் மன்னர் வக்தாங் கோர்கசாலி வேட்டைக்கு வந்தபோது, அவருடைய வல்லூறும் அது துரத்திய பறவையும் வெந்நீர் ஊற்றில் விழுந்ததாகவும், அதைக் கண்டு அவர் அங்கே நகரம் எழுப்பியதாகவும் மரபுக்கதை சொல்கிறது. அந்தக் கந்தக ஊற்றுகளின் மேல் செங்கல் குவிமாடங்களோடு கட்டப்பட்ட குளியல் கூடங்கள் இன்றும் இயங்குகின்றன. பொதுக் கூடத்துக்குப் போகாமல், மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் தனி அறையை எடுத்தால் குடும்பத்துக்கு மறைவு கிடைக்கும். இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் தொட்டியில் அதிக நேரம் இருக்க வேண்டாம்.

குளியல் கூடங்களுக்குச் சற்று மேலே, தாவரவியல் பூங்காவுக்குப் போகும் வழியில், செங்கல்லால் கட்டிய ஜும்ஆப் பள்ளிவாசல் இருக்கிறது. 1951இல் சோவியத் அரசு ஆற்றுப் பாலம் கட்டுவதற்காக ஷியாக்களின் பள்ளிவாசலை இடித்தபின், அவர்களும் சுன்னிகளின் இந்தப் பள்ளிவாசலுக்கே வந்து தொழத் தொடங்கினர்; இரு பிரிவினரும் ஒரே கூரையின் கீழ் தொழுவது இன்றும் தொடர்கிறது. அங்கிருந்து சில நிமிட நடையில் சியோனி தேவாலயம், யூதர்களின் ஜெப ஆலயம், ஆர்மீனிய தேவாலயம் மூன்றையும் பார்த்துவிடலாம். நரிக்கலாக் கோட்டை மேட்டுக்கு நடந்து ஏற வேண்டாம்; ரைக் பூங்காவிலிருந்து கேபிள் கார் போகிறது. நேரம் மிஞ்சினால் ருஸ்தாவேலி வீதியில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய், த்மானிசியில் தோண்டி எடுக்கப்பட்ட, ஏறக்குறைய 18 லட்சம் ஆண்டுப் பழமையான மனித மூதாதையரின் எலும்புகள் பற்றிய பகுதியைப் பாருங்கள். புதிய நகரின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு வண்டிச் சன்னல் வழியே பார்ப்பதே போதும். துபாயில் இருப்பவருக்கு அதில் புதுமை எதுவும் இல்லை.

இரண்டாம் நாள் மிட்ஸ்கேத்தா. திபிலீசிக்கு வடக்கே 20 கிலோமீட்டரில் உள்ள இந்தப் பழைய தலைநகர் 1994 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. முதலில் மலை மேலுள்ள ஜ்வாரி தேவாலயத்துக்குப் போங்கள். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கிய அந்தச் சிறு கற்கோயிலின் முற்றத்தில் நின்றால், அரக்வி ஆறும் மிட்க்வாரி ஆறும் கலக்கும் இடம் கீழே தெரியும். மழைக்குப் பின் இரு நீரின் நிறமும் வேறாக இருக்கும். அதன் பிறகு இறங்கி ஸ்வெட்டிட்ஸ்கோவேலிப் பேராலயத்துக்கு வாருங்கள். கிறிஸ்துவின் அங்கி இங்கே புதைந்திருப்பதாக ஜார்ஜியர் நம்புகின்றனர். இப்போதுள்ள கட்டடத்தை 11ஆம் நூற்றாண்டில் எழுப்பிய சிற்பி அர்சுகித்செ. வடக்குச் சுவரின் வெளிப்புறத்தில் உயரத்தில் உளி பிடித்த கை ஒன்று செதுக்கப்பட்டிருப்பதை வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ஆலயங்களில் பெண்கள் தலையை மூடிக்கொண்டு நீண்ட உடையில் வர வேண்டும் என்பதும் ஆண்கள் அரைக்கால் சட்டையில் வரக் கூடாது என்பதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூட வரும் இளைஞர்களுக்கு மட்டும் முந்திய இரவே நினைவூட்டுங்கள்.

கஸ்பெகிப் பனிமலையை இத்திட்டத்தில் சேர்க்கவில்லை. போக மட்டும் 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மலைச்சாலை. சுமார் 2,400 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டிப் போய் அன்றே திரும்பினால், அந்த நாள் முழுதும் வண்டிக்குள்ளேயே கழியும். பனியைப் பார்த்தே தீர வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால் ஐந்தாவது நாள் ஒன்றைச் சேருங்கள். ககேத்தியின் இரண்டு நாளில் கை வைக்காதீர்கள்.

ககேத்தி: மண்ணுக்குள் இருக்கும் ஒயின்

மூன்றாம் நாள் காலையில் கிளம்பி, 110 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிக்னாகிக்குப் போய் அன்றிரவு அங்கேயே தங்குங்கள். 18ஆம் நூற்றாண்டில் மன்னர் இரண்டாம் எரெக்லே கட்டிய மதில் இன்னும் சூழ்ந்திருக்கும் இந்தக் குன்றுப் பட்டணத்திலிருந்து, கீழே அலசானிச் சமவெளியின் திராட்சைத் தோட்டங்களும் அவற்றுக்கப்பால் காக்கசஸ் மலைத்தொடரும் தெரியும். வழியிலுள்ள போட்பே மடத்தில், நான்காம் நூற்றாண்டில் இந்நாட்டுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்த புனித நீனோவின் கல்லறை இருக்கிறது. திராட்சைக் கொடியால் செய்து அவர் தம் கூந்தலால் கட்டியதாகச் சொல்லப்படும் சிலுவையே திபிலீசியின் சியோனி தேவாலயத்தில் இருப்பது. கொடி இந்நாட்டில் வெறும் பயிர் அன்று என்பதை அங்கேயே உணரலாம்.

இனி ஒயினுக்கு வருவோம். திபிலீசிக்குத் தெற்கே உள்ள கதச்ரிலி கோரா, ஷுலாவேரி கோரா என்னும் மேடுகளில் கிடைத்த பானைத் துண்டுகளில் 8,000 ஆண்டுப் பழைய திராட்சை ஒயினின் எச்சத்தை ஆய்வாளர்கள் கண்டறிந்து, 2017இல் அறிவித்தனர். இன்றும் ககேத்திக் கிராமங்களில் அதே மண் வழியைக் கைவிடவில்லை. குவெவ்ரி என்னும் கூர் அடியுள்ள பெருங்கலத்தைத் தரைக்குள் கழுத்துவரை புதைத்துவைக்கிறார்கள்; நம் பக்கத்து முதுமக்கள் தாழியைப் பார்த்தவருக்கு அதன் வடிவத்தைத் தனியே விளக்க வேண்டியதில்லை. கயிறு போல் உருட்டிய களிமண்ணை வளையம் வளையமாக அடுக்கி, வாரக்கணக்கில் மெல்ல உயர்த்திச் சூளையில் சுட்டு, சூடு ஆறுவதற்குள் உட்புறத்தில் தேன்மெழுகு பூசுகிறார்கள். நசுக்கிய திராட்சையைத் தோல், கொட்டை, காம்போடு சேர்த்து ஊற்றி, நொதிக்கும் நாட்களில் மேலே மிதந்து வரும் தோலைத் தினமும் பலமுறை கழியால் அமுக்கிவிட்டு, நொதித்தல் அடங்கியபின் மூடி, மேலே மண்ணால் அடைத்துவிடுகிறார்கள். ஐந்தாறு மாதம் தோலோடு கிடப்பதால் வெள்ளைத் திராட்சையின் ஒயின்கூடப் பொன்னும் பழுப்பும் கலந்த நிறம் பெற்று, துவர்ப்பு ஏறிவிடுகிறது. பூமிக்குள் வெப்பம் பெரிதாக ஏறி இறங்காது. கொட்டைகள் கூர் அடியில் போய்ச் சேர்ந்து, வண்டல் அவற்றின் மேல் படிந்துவிடுவதால், மேலே உள்ள ஒயின் தானே தெளிகிறது. இந்தக் கைம்முறையை யுனெஸ்கோ 2013இல் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

வைகை கடலில் சேரும் இடத்தை ஒட்டிய அழகன்குளத்தில் நடந்த அகழாய்வில், ரோமானியர் ஒயின் ஏற்றிவந்த இரு கைப்பிடிச் சாடிகளின் துண்டுகள் கிடைத்திருப்பதை இங்கே நினைத்துப் பார்ப்பது பொருத்தம். அந்தச் சாடி கடல் தாண்டுவதற்காகச் செய்தது. குவெவ்ரியோ புதைத்த இடத்தை விட்டு நகராமல் தலைமுறைகளைக் கடப்பது. குடிக்காதவருக்கும் ககேத்தியை நான் பரிந்துரைப்பதன் காரணம் இதுவே: பார்க்க வேண்டியது கோப்பையை அன்று, கலத்தையும் அதைச் செய்பவரையும் கழுவுபவரையும். எனவே குவெவ்ரி செய்யும் குயவர் வீடு ஒன்றை வழியில் சேர்க்கும்படி வழிகாட்டியிடம் முன்பே கேளுங்கள்; தெலாவி நகருக்கு அருகிலுள்ள வர்திசுபானி கிராமத்தில் இத்தொழில் நடக்கிறது.

மரானி என்பது ஒயின் வைக்கும் அறை. நாளொன்றுக்கு இரண்டு மரானிக்கு மேல் வேண்டாம். அதில் ஒன்றாவது குடும்பமே நடத்தும் சிறிய இடமாக இருக்கட்டும். வரும் எண்ணிக்கை, அவர்களில் குடிப்பவர் எத்தனை பேர், பன்றி இறைச்சி கூடாதவர், சைவர் யார் யார் என்பதை முந்திய நாளே சொல்லிவிட்டால், வீட்டுக்காரர் அதற்கேற்பப் பலகாரம் எடுத்துவைப்பார். சுவைப்பவர்கள் வெள்ளையில் தொடங்கி, இர்கட்சித்தெலித் திராட்சையின் பொன்னிற ஒயினுக்கு வந்து, கடைசியில் சப்பெராவியின் கருஞ்சிவப்புக்குப் போக வேண்டும். இவ்வரிசையை மாற்றினால் நாக்கு முதலிலேயே களைத்துவிடும். சப்பெராவியின் தோல் மட்டுமன்றிச் சதையும் சிவப்பு என்பதால் அதன் நிறம் அவ்வளவு அடர்த்தி. எத்தனை மாதம் தோலோடு கிடந்தது, திராட்சை சொந்தத் தோட்டத்ததா, வாங்கியதா என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே அந்த வீட்டின் தரம் தெரிந்துவிடும். கோப்பையில் மிஞ்சியதைக் கொட்டுவதற்குப் பாத்திரம் இருக்கும். முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாச்சா என்று நீட்டப்படும் தெளிந்த நீர் ஒயின் அன்று, பிழிந்த சக்கையிலிருந்து காய்ச்சி வடித்த கடுஞ்சாராயம் என்பதை அறிந்தே கை நீட்டுங்கள்.

குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறோ, டாரகன் இலையின் பச்சை நிற லெமனேடோ கேட்கலாம். வால்நட் பருப்பை நூலில் கோத்து, மாவு சேர்த்துக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் தோய்த்து உலர்த்தும் சுர்ச்கேலாவைச் செய்து பார்க்கவும் பல வீடுகளில் இடம் தருகிறார்கள். பிள்ளைகளுக்கு அதுவே அன்றைய நாளின் சிறந்த வேலையாக இருக்கும்.

இரவு விருந்தை ஜார்ஜியர் சுப்ரா என்கின்றனர். தமாதா என்னும் விருந்துத் தலைவர் எழுந்து கடவுள், நாடு, இறந்தோர், பெற்றோர், விருந்தாளி என்று ஒவ்வொன்றையும் முன்னிட்டு உரையாற்றியபின்தான் மற்றவர்கள் கோப்பையைத் தூக்குவார்கள். அவர் பேசும்போது இடையில் குடிப்பதும் பக்கத்தவரோடு பேசுவதும் மரியாதைக் குறைவு. மூன்று குரல் ஒன்றோடொன்று பின்னிப் பாடும் பாட்டும் அங்கே கேட்கக் கிடைக்கும். 1977இல் விண்ணுக்குப் போன வாயேஜர் கலங்களின் இசைத்தட்டில் இந்த ஜார்ஜியக் கூட்டுப்பாடல் ஒன்றும் இருக்கிறது. சாப்பாட்டில் கின்காலிக் கொழுக்கட்டையின் உள்ளே மாட்டிறைச்சியோடு பன்றி இறைச்சி கலந்திருப்பது வழக்கம் என்பதால் கேட்காமல் வாயில் வைக்காதீர்கள். காளான், உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி வைத்ததும் உண்டு. மண்சட்டியில் வேகும் லோபியோ என்னும் ராஜ்மா, வால்நட் விழுது தடவிய கத்தரிக்காய், பாலாடைக்கட்டி நிறைத்த கச்சாபுரி ஆகியவை சைவர்களுக்குப் போதும். காரம் நம் நாக்குக்கு எட்டாது. இட்லிப் பொடியும் ஊறுகாயும் கொண்டுபோவதை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். ஹலால் உணவுக்குத் திபிலீசியின் அக்மாஷெனெபெலி வீதியில் துருக்கி, அரபு உணவகங்கள் உண்டு. ககேத்தியில் அது எளிதன்று என்பதால், மீனோ சைவமோ என்று தீர்மானித்துக்கொள்வது தொல்லையற்றது.

நான்காம் நாள் சமவெளியில் இறங்கி, 11ஆம் நூற்றாண்டின் அலவெர்திப் பேராலயத்தையும் கவிஞர் அலெக்சாண்டர் சாவ்சாவட்சேயின் சினந்தாலி மாளிகையையும் பார்த்துவிட்டு, கோம்போரி மலைப்பாதை வழியாகத் திபிலீசிக்குத் திரும்பலாம். இந்த ககேத்தியின் அரசி கெத்தெவான், மதம் மாற மறுத்ததற்காக 1624இல் பாரசீகத்தின் ஷிராஸில் கொல்லப்பட்டவர். அகஸ்தினியத் துறவிகள் அவருடைய எலும்பின் ஒரு பகுதியைக் கோவாவுக்குக் கொண்டுவந்து வைத்தனர்; பழைய கோவாவின் அகஸ்தினார் மட இடிபாட்டில் கிடைத்த அதை ஹைதராபாத் ஆய்வகத்தின் மரபணுச் சோதனை உறுதிப்படுத்த உதவியது. 2021 ஜூலையில் இந்திய வெளியுறவு அமைச்சர் அந்தத் திருப்பண்டத்தின் ஒரு பகுதியைத் திபிலீசியில் நேரில் ஒப்படைத்தார். இந்தியர் என்று சொன்னதும் ஆலயத்து மூதாட்டிகள் சிலர் முகம் மலர்ந்து இதை எடுத்துச் சொன்னால் வியப்படைய வேண்டாம். புனித அருளானந்தர் தம் மதத்துக்காகக் கொல்லப்பட்ட ஓரியூர்த் திருத்தலத்துக்குப் போய் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை இன்னும் நெருக்கமாகப் படக்கூடும்.

ஒயின் வாங்கினால் லேபிளில் குவெவ்ரி என்று குறித்த புட்டியாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண எஃகுத் தொட்டியில் செய்ததும் அதே அலமாரியில் இருக்கும். இந்தியாவுக்குள் பெரியவர் ஒருவர் 2 லிட்டர் வரை மதுவைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். கைப்பையில் அனுமதிக்க மாட்டார்கள் என்பதால், துணிக்குள் சுற்றி ஏற்றுப் பெட்டியில் வையுங்கள். ஷார்ஜாவில் மதுவுக்குத் தடை இருப்பதால், அங்கே இறங்கி ஊருக்குள் போகும் பயணமாக இருந்தால் புட்டியே வேண்டாம், சுர்ச்கேலாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.